இருபது புள்ளியில் விலகத் தெரியாமல் போன இரவுகள்

பதின்மூன்று சீட்டு ரம்மி ஆடியவர்களுக்கு 'ஸ்கூட்' என்பது தெரிந்த சொல். வந்த சீட்டுகள் சேராது என்று தோன்றினால், முதல் சீட்டை எடுக்கும் முன்பே 20 புள்ளிகளைக் கொடுத்துவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். நடுவில் விலகினால் 40. கடைசிவரை நின்று ஒரு ரம்மிகூட, அதாவது ஒரே இனத்தில் வரிசையாக வரும் சீட்டுத் தொகுதி ஒன்றுகூட, சேராமல் தோற்றால் 80 வரை போகும்.

கைப்பேசியில் பணம் கட்டி ஒன்றரை ஆண்டு ஆடியவன் நான். மாலையில் ஆடத் தொடங்கும்போது மோசமான கை வந்தால் தயங்காமல் ஸ்கூட் செய்வேன். இரவு பதினொரு மணிக்கு, மூவாயிரம் ரூபாய் போன பிறகு, அதே போன்ற கை வந்தால் விடமாட்டேன். ஜோக்கர் இல்லை, இரண்டு சீட்டுகூட ஒட்டவில்லை என்று கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் அடுத்த சீட்டை எடுத்துவிடும். கட்டுப்பாடு இல்லாதவன் என்று அப்போது என்னையே திட்டிக்கொண்டேன். ஆனால் மாலையில் அந்தக் கட்டுப்பாடு என்னிடம் இருந்ததே!

உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமாஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வைப் பிற்பாடு படித்தபோதுதான் இது விளங்கியது. உறுதியாக 3,000 இழப்பதா, 4,000 இழக்க 80 விழுக்காடு வாய்ப்புள்ள ஒன்றில் இறங்குவதா என்று அவர்கள் கேட்டபோது, 92 விழுக்காட்டினர் இரண்டாவதையே தேர்ந்தார்கள். சராசரிக் கணக்கில் அதன் இழப்பு 3,200, அதாவது கூடுதல். இதையே லாபமாக மாற்றிக் கேட்டபோது 80 விழுக்காட்டினர் உறுதியான 3,000-ஐ வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். நட்டத்தில் நிற்கும் மனம், நட்டத்தை ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு எதையும் செய்யத் துணிகிறது. ஸ்கூட் என்பதோ நட்டத்தை ஒப்புக்கொள்வதுதான்.

ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் கூறியதை ஆடுபவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அந்தத் திறமையில் பெரும்பங்கு எந்தக் கையை விடவேண்டும் என்று அறிவதில் இருக்கிறது. தோற்றுக்கொண்டிருப்பவனை விட்டு முதலில் நீங்குவதும் அதுவே என்பதை நான் என் பணத்தைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே, 'இன்று ஆயிரத்தோடு நிறுத்துவேன்' என்ற உறுதியில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உறுதி எடுப்பவன் மாலை ஆறு மணி மனிதன். அதைக் காப்பாற்ற வேண்டியவன் பதினொரு மணி மனிதன். முன்னவன் செய்யக்கூடியதெல்லாம் பின்னவனுக்கு வழியை அடைத்து வைப்பதுதான். இணையவழிப் பண விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தமிழ்நாடு அரசு 2025-இல் தடை விதித்தபோது, தனிமனித உரிமை என்று வாதிட்ட நண்பர்களோடு என்னால் உடன்பட முடியாமல் போனதற்கு இதுவே காரணம். அந்த ஐந்து மணி நேரத்தில் நான் எத்தகையவனாக இருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

அந்தத் தடை வருவதற்கு முன்பே நான் விளையாட்டுக் கணக்கை மூடிவிட்டேன். வங்கிச் செயலியின் கடவுச்சொல்லையும் மனைவியிடமே மாற்றிவைக்கச் சொல்லிவிட்டேன். அதன் பிறகும் பல வாரங்களுக்கு, விளக்கை அணைத்ததும் கை தலையணைக்கு அடியில் துழாவும். கைப்பேசி இப்போதும் இரவில் கூடத்து அலமாரியில்தான் இருக்கிறது.