எட்டு ஆறானது எப்படி

ஜூலை 8

இரண்டு நாட்களாகத் தொண்டை கட்டியிருக்கிறது. ஏழாம் வகுப்பில் வாய் திறக்காமல் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். மாலையில் நோட்டுகளைத் திருத்தும்போது ஒன்று கண்ணில் பட்டது. நான் எழுதியது 5/8 ÷ 3/4. மூன்றாவது பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இரண்டு பெண்களின் நோட்டிலும் அது 5/6 ÷ 3/4 என்று இருந்தது. பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று இரண்டையும் அடித்துவிட்டேன்.

நோட்டை மூடிய பிறகு மனம் உறுத்தியது. மறுபடியும் திறந்தேன். ஒருத்தி இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்காமல் அப்படியே பெருக்கியிருக்கிறாள். மற்றவள் முறையாகத் தலைகீழாக்கி, பெருக்கி, சுருக்கி, 10/9 என்று முடித்திருக்கிறாள். அவள் விடையைப் பார்த்து எழுதவில்லை, கணக்கைத்தான் பார்த்து எழுதியிருக்கிறாள். பலகையில் இருப்பதைப் பக்கத்து நோட்டில் ஏன் தேட வேண்டும்?

ஜூலை 9

கூப்பிட்டுக் கேட்டேன். “நீங்கள் எப்போதும் சொல்லிக்கொண்டே எழுதுவீர்கள் டீச்சர். அதைக் கேட்டு எழுதிவிடுவேன். நேற்று நீங்கள் பேசவே இல்லை” என்றாள்.

போன ஆண்டு இவளுடைய மதிப்பெண் அட்டையில் ‘கவனம் போதாது’ என்று எழுதியவள் நான். ஓராண்டு முழுவதும் காதை மட்டும் நம்பிக் கணக்கு படித்த பிள்ளை இவள். இவளைவிடக் கவனமாக என் வகுப்பில் யார் இருந்திருப்பார்கள்?

ஜூலை 10

வகுப்பு முழுவதையும் சோதித்தேன். ஆங்கில ‘E’ எழுத்து நான்கு பக்கமும் திரும்பியிருக்கும் அட்டை. டேப் வைத்து ஆறு மீட்டர் அளந்து கோடு போட்டு, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டச் சொன்னேன். விரலால் கண்ணை மூடினால் இடுக்கு வழியாகப் பார்த்துவிடுவார்கள். 38 பேரில் ஐந்து பேர் தடுமாறினார்கள். அவளோ கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே போட்டுவிட்டாள்.

ஊருக்குப் போகும் பஸ்ஸையும் யாரையாவது கேட்டுத்தான் ஏறுவாளாம்.

ஜூலை 18

பள்ளிக்குக் கண் பரிசோதகர் வந்தார். அவளுக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 2.75. அப்படியென்றால் ஏறத்தாழ 36 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாமே கலங்கல் என்று அவர் விளக்கினார். ஓரடி ஸ்கேலைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் அவளுடைய தெளிந்த உலகம். புத்தகமும் நோட்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அதனால்தான் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, எங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆகஸ்ட் 5

கண்ணாடிகள் வந்துவிட்டன. அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்தில் கொடுப்பவை, பெற்றோருக்கு ஒரு பைசா செலவில்லை. போட்டுக்கொண்டதும் அவள் பலகையைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இலை தனித்தனியாக இருக்கிறது டீச்சர்.”

ஆகஸ்ட் 14

ஐந்து பேரில் போட்டுக்கொண்டு வருவது இரண்டே பேர். ஒருவன் உடைத்துவிட்டான், இன்னொருவனை ‘சோடாபுட்டி’ என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிட்டவர்களோடு இன்று நீண்ட நேரம் பேசினேன். இவளுடைய கண்ணாடியை வீட்டில் பாட்டி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

சீனாவின் கான்சு மாகாணத்துக் கிராமப் பள்ளிகளில் 2004-இல் நடந்த ஆய்வைப் பற்றி இரவு படித்தேன். பார்வைக் குறைவுள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். அணிந்தவர்களுக்கு ஒரே ஆண்டில் கிடைத்த முன்னேற்றம், கூடுதலாக ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை பள்ளிக்குப் போனதற்குச் சமமாம். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பேர் கண்ணாடியே வேண்டாம் என்று மறுத்திருக்கிறார்கள். கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் கெட்டுவிடும் என்ற பயம் அங்கும் உண்டு. அணிந்த பிள்ளைகளுக்குப் பார்வை கூடுதலாகக் கெடவில்லை என்று பின்னாளில் அங்கேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். எந்த ஊரானாலும் கண்ணாடியைக் கொடுப்பதைவிடப் போடவைப்பதுதான் பெரும்பாடு.

ஆகஸ்ட் 17

வீட்டுக்குப் போனேன். பாட்டி மோர் கொடுத்தார். “பொன்னாங்கண்ணிக் கீரை ஆக்கிப் போடுகிறேன் டீச்சரம்மா, தானாகச் சரியாகிவிடும். இந்த வயதிலேயே கண்ணாடி மாட்டிவிட்டால் நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள்?” என்றார். கீரை நல்லது, ஆனால் அவளுக்குத் தூரம் கலங்கக் காரணம் கண்விழி நீண்டுபோனது, அதைக் கீரை குறுக்காது என்று சொன்னேன். சீனாக் கதையையும் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

திரும்பும்போது பாட்டியும் அவளும் பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்கள். பாட்டியிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: “எந்த பஸ் வருகிறது என்று இவளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.” பஸ் கிட்டே வந்து நிற்கும் வரை அவளால் சொல்ல முடியவில்லை. பாட்டிக்குக் கண்புரை அறுவை நடந்து நான்கு ஆண்டுகளாகின்றன. அவர் வளைவிலேயே வண்டியின் நிறத்தைப் பார்த்துவிட்டார். பேத்தியின் முகத்தை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 19

கண்ணாடி வந்தது. பள்ளியில் மட்டும் போடலாம், தெருவில் போடக் கூடாது என்பது பாட்டியின் ஏற்பாடு. இப்போதைக்குச் சரி என்றேன். கூடு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

செப்டம்பர் 2

தசமக் கழித்தல். வேண்டுமென்றே பேசாமல் எழுதிப் போட்டேன். எல்லா எண்களையும் சரியாக எழுதியிருக்கிறாள். மூன்றாவது கணக்கில் மட்டும் கடன் வாங்க மறந்துவிட்டாள், பக்கத்துப் பெண்ணின் நோட்டில் அந்தத் தவறு இல்லை. நாளைக் காலை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.