காசு சாஃப்ட்வேருக்கு இல்ல, பழைய வெர்ஷனுக்கு

லினக்ஸ் மாதிரி ஃப்ரீயா கிடைக்கிற சாஃப்ட்வேருக்கு எவன்யா காசு குடுப்பான்னு ரொம்ப நாள் கேட்டுட்டு திரிஞ்சவன்தான் நானும். 2014 ஏப்ரல்ல ஹார்ட்ப்ளீட்ங்கிற பாதுகாப்பு ஓட்டை வெளிய வந்தப்பதான் விஷயம் புரிஞ்சுது.

நெட்ல போற தகவல பூட்டி அனுப்புற ஓப்பன்எஸ்எஸ்எல்ல ஓட்டை, 1.0.1ஜி வெர்ஷன்ல அடைச்சாச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. எங்க சர்வர்ல ஓடுனது ரெட் ஹேட் கம்பெனி சப்ஸ்கிரிப்ஷனுக்கு குடுக்கிற லினக்ஸ் 6.5, அதுல இருந்தது 1.0.1இ. அப்டேட் போட்டோம், போட்டு முடிச்சும் அதே 1.0.1இ-ன்னுதான் காட்டுது! ஓட்டை தேடுற ஸ்கேனர் வேற செவப்பு செவப்பா கத்துது, மேனேஜர் முதுகுக்கு பின்னாடியே நிக்கிறார். கடைசில பேக்கேஜோட சேஞ்ச்லாக்க, அதான் என்னென்ன மாத்துனாங்கன்ற பட்டியல, தொறந்தா, சிவிஇ-2014-0160 (ஹார்ட்ப்ளீடோட பதிவு நம்பர்) சரி பண்ணியாச்சுன்னு ஒத்த வரி. புதுசுல இருந்த ஃபிக்ஸ மட்டும் உருவி பழசுல ஒட்டு போட்டுருக்காங்க. பேக்போர்ட்டிங்னு பேரு. ஸ்கேனர் பாவம், வெர்ஷன் நம்பர மட்டும் பாத்துட்டு கத்தியிருக்கு.

ஏன் இவ்ளோ சிரமம்னா, பெரிய கம்பெனிக்காரனுக்கு புதுசு வேண்டாங்க. புதுசு போட்டா மேல ஓடுற அப்ளிகேஷன்ல எது புட்டுக்கும்னு யாருக்கும் தெரியாது, டேட்டாபேஸ் விக்கிறவன் வேற இந்த வெர்ஷன்ல ஓட்டுனாதான் பொறுப்பேத்துக்குவேன்பான், அதனால பத்து வருஷம் எதுவும் அசையக்கூடாது, ஆனா ஓட்டையும் இருக்கக்கூடாது. சப்ஸ்கிரிப்ஷன் காசு இதுக்குத்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு போன் எடுக்க ஆள் இருக்கிறது அதுக்கப்புறம்தான்.

இது ஒண்ணும் புதுசும் இல்ல. 1989-லயே சிக்னஸ்னு ஒரு கம்பெனி ஜிசிசின்ற இலவச கம்பைலர (கோட சிப்புக்குப் புரியிற மாதிரி மாத்துற சாஃப்ட்வேர்) புது சிப்புகளுக்கு மாத்திக் குடுத்து சம்பாதிச்சுது, பின்னாடி அதையும் ரெட் ஹேட்தான் வாங்குச்சு. அந்த ரெட் ஹேட்ட 2019-ல ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்குச்சு.

ஆனா ரெட் ஹேட்டோட சோர்ஸ் கோடு வெளிய இருந்ததால வேற சிலர் அதையே கம்பைல் பண்ணி சென்ட்ஓஎஸ்னு ஓசில குடுத்தாங்க, நானும் வீட்ல அதான் வச்சிருந்தேன். அத 2020 டிசம்பர்ல ரெட் ஹேட்காரங்க பாதியில நிறுத்தப் போறோம்னாங்க, 2023-ல சோர்ஸையும் கஸ்டமருக்கு மட்டும்னு சுருக்கிட்டாங்க. லினக்ஸோட லைசென்ஸான ஜிபிஎல் படி தப்பு இல்லதான், சாஃப்ட்வேர வாங்குனவனுக்கு சோர்ஸ் குடுத்தா போதும். இருந்தாலும் எனக்கு இன்னும் கடுப்புதான்.

ஹார்ட்ப்ளீட் வந்த வருஷம் ரினியூவல் பில்ல பாத்துட்டு மேனேஜர் கேட்டார், "இவங்களுக்கு உதவி கேட்டு ஒரு டிக்கெட்டாவது போட்டோமா?" ஒண்ணுகூட போடலன்னேன். எதுவும் பேசாம கையெழுத்து போட்டுட்டார்.