கியர் சைக்கிளுக்கு விலை பேசிய மூன்று மாதங்கள்

2025 ஆகஸ்ட் மாதம் 32,000 ரூபாய் என்று விலைச்சீட்டு ஒட்டியிருந்த ஒரு மலைப்பாதை சைக்கிளை, அக்டோபர் 31 அன்று, மட்கார்டு, ஸ்டாண்டு, காற்றடிக்கும் பம்பு, மாற்று டியூப் ஆகியவற்றையும் சேர்த்து 27,000 ரூபாய்க்கு வாங்கினேன். இந்தத் தொகை சாமர்த்தியமான பேச்சினால் கிடைத்ததல்ல. பேரம் பேசுவதில் எனக்கு இயல்பான தேர்ச்சி கிடையாது; வடசேரிச் சந்தையில் காய்கறி வாங்கும்போதுகூடச் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவன் நான். எனக்கு எந்த சைக்கிள் வேண்டும், அதன் நியாயமான விலை எப்படி உருவாகிறது, கடைக்காரர் எந்த இடத்தில் இறங்க முடியும், எந்த இடத்தில் முடியாது என்பவற்றைப் பொறுமையாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேரமே தொடங்கியது. என்னிடம் விவரம் கேட்ட பலருக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் செம்மண் தடங்களும், சானல் கரைகளும், குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை நோக்கி ஏறிச் செல்லும் சாலையும்தான் நான் ஓட்ட விரும்பிய பாதைகள். வீட்டில் இருந்த பழைய சைக்கிளில் ஏற்றங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. இறக்கங்களில், குறிப்பாக மழை பெய்து ரிம் நனைந்திருக்கும்போது, பிரேக் பிடிக்கவே பிடிக்காது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற மாவட்டத்தில் இது சிறிய குறை அல்ல. ஆகவே அகலமான டயர், தாழ்ந்த கியர், டிஸ்க் பிரேக் ஆகிய மூன்றும் எனக்குத் தேவையாக இருந்தன.

கடைக்குப் போகும் முன்பே ஒரே ஒரு மாடலை முடிவு செய்துகொண்டது நான் செய்த காரியங்களில் மிகவும் உதவியது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அலாய் ஃபிரேம், 27.5 அங்குலச் சக்கரம், 100 மில்லிமீட்டர் அழுந்தக்கூடியதும் தேவையானபோது பூட்டிக்கொள்ளக்கூடியதுமான முன் சஸ்பென்ஷன், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், பின்பக்கம் 8 பற்சக்கரம் கொண்ட தொகுதியான கேசட், ஷிமானோ ஆல்டஸ் கியர் மாற்றி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இப்படி எழுதி வைக்காவிட்டால், ஒரு கடையில் சொல்லும் விலையையும் இன்னொரு கடையில் சொல்லும் விலையையும் ஒப்பிடவே முடியாது. "இதில் 21 கியர் இருக்கிறது, அதைவிட 4,000 குறைவு" என்று காட்டப்படும் சைக்கிளில் பெரும்பாலும் கேபிளால் இயங்கும் டிஸ்க் பிரேக்கும், பூட்ட முடியாத முன் சஸ்பென்ஷனும், கேசட்டுக்குப் பதிலாகத் திருகிப் பொருத்தும் பழைய வகைப் பற்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீலும் இருக்கும். கியர்களின் எண்ணிக்கை சைக்கிளின் தரத்தைச் சொல்வதில்லை. அந்த எண்ணைச் சொல்லி விற்பவர்களிடம் நான் நோட்டைத் திறந்து, பிரேக் எந்த வகை, பின்பக்கம் கேசட்டா ஃப்ரீவீலா என்று கேட்டதும், பேச்சு உடனே வேறு தளத்துக்கு மாறியதைப் பல முறை கண்டேன்.

ஆகஸ்டில் ஓர் உறவினர் திருமணத்துக்காகத் திருவனந்தபுரம் சென்றபோது அங்கே ஒரு பெரிய கடையில் விசாரித்தேன். ஓணத்தை முன்னிட்டு 10 சதவீதத் தள்ளுபடி, அதாவது 28,800 ரூபாய் என்றார்கள். எல்லை தாண்டி வாங்கினால் வரி குறையும் என்ற பழைய எண்ணம் எங்கள் பகுதியில் இன்னும் சிலருக்கு இருக்கிறது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு சைக்கிளுக்கு இரு மாநிலங்களிலும் ஒரே விகிதம்தான். சர்வீஸுக்காக ஒவ்வொரு முறையும் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டிப் போக முடியாது என்பதால் அங்கே வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் அந்த 10 சதவீதம் என்ற அளவு நோட்டில் ஏறியது. ஒரு கடை மனம் வைத்தால் இவ்வளவு இறங்க முடியும் என்பதற்கு அது எனக்கு அத்தாட்சியாக இருந்தது.

அதே மாதம் வரிக் குறைப்பைப் பற்றிய அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 3 அன்று கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், சைக்கிளுக்கும் அதன் உதிரிப் பாகங்களுக்கும் இருந்த 12 சதவீத வரியை 5 சதவீதமாகக் குறைத்து, செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வரும் என்று முடிவெடுத்தது. மூன்று வாரம் பொறுத்திருந்தால் போதும் என்று நான் நிறுத்திவிட்டேன். இதில் ஒரு கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். 12-இல் இருந்து 5 ஆகிவிட்டதால் விலைச்சீட்டில் 7 சதவீதம் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள். விலைச்சீட்டில் இருப்பது வரியையும் சேர்த்த விலை. 32,000-ஐ 1.12-ஆல் வகுத்தால் வரி நீங்கிய அடிப்படை விலை ஏறத்தாழ 28,571. அதன்மேல் 5 சதவீதம் சேர்த்தால் சரியாக 30,000. ஆகவே குறைய வேண்டியது 2,000 ரூபாய், அதாவது 6.25 சதவீதம். இந்தச் சிறு கணக்கு பின்னால் எனக்குப் பெரிதும் உதவியது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் நாகர்கோவிலில் நான் முதலில் ஏறிய கடையில், பழைய விலைச்சீட்டையே காட்டி, பண்டிகைத் தள்ளுபடி 5 சதவீதம், ஆகவே 30,400 என்றார்கள். தள்ளுபடி என்ற பெயரில் சொல்லப்பட்ட விலை, புதிய வரியின்படி தள்ளுபடியே இல்லாத விலையைவிட 400 ரூபாய் அதிகமாக இருந்தது. நோட்டில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "இது பழைய ஸ்டாக், நாங்கள் 12 சதவீதம் கட்டி எடுத்தது" என்று பதில் வந்தது. கொள்முதலில் செலுத்திய வரி வியாபாரியின் கணக்கில் வரவாக நிற்கும் என்பதும், விற்கும் நாளில் உள்ள விகிதத்தைத்தான் வாங்குபவரிடம் வசூலிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன. இப்படிப்பட்ட புகார்களுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருப்பதும் தெரியும். ஆனால் ஒரு சைக்கிளுக்காக அங்கே வழக்காட எனக்கு விருப்பம் இல்லை. நன்றி சொல்லி வெளியேறினேன்.

அடுத்த கடையில் நேர்ந்தது இன்னும் வருத்தம் தந்தது. தொலைபேசியில் 26,900 என்று சொன்னதை நம்பி, பள்ளி முடிந்து மழையில் பேருந்து பிடித்துப் போனேன். அங்கே போன பிறகு, பொருத்துக் கூலி 750, ஸ்டாண்டு 400, மட்கார்டு 600, லாரி வாடகை 850 என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து 29,500 ஆகிவிட்டது. பில் இல்லாமல் வாங்கினால் 800 குறைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். ஃபிரேமுக்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் பில்லையும், பெடல் தண்டுக்குக் கீழே பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணையும் வைத்துத்தான் செல்லும். பில் இல்லாத சைக்கிள் திருட்டுப் போனால் காவல் நிலையத்தில் காட்டவும் ஒன்றும் இருக்காது. அந்த 800 ரூபாயை நான் ஏற்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கடையிலும், "எல்லாம் சேர்த்து, பில்லோடு, ஓட்டிக்கொண்டு போகிற நிலையில், மொத்தம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். பிரித்துச் சொல்லும் விலைக்கு முடிவே கிடையாது.

மூன்றாவது இடத்தில் உண்மையாகவே குறைந்த விலை கிடைத்தது: 25,500, பில்லோடு. ஆனால் அங்கே இருந்தது 19 அங்குல ஃபிரேம். என் உயரம் 165 சென்டிமீட்டர். எனக்கு 17 அங்குலம்தான் பொருந்தும். சீட்டை இறக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று கடைப் பையன் மிகுந்த அக்கறையோடு இறக்கியும் கொடுத்தான். நடுக்கம்பியின் இருபுறமும் கால் ஊன்றி நின்று பார்த்தபோது இடைவெளியே இல்லை. ஹேண்டில்பாரைப் பிடிக்க முதுகு நீண்டு வளைந்தது. சமதளத்தில் கால் மைல் ஓட்டினால் இது தெரியாது. சரளைக் கல்லில் சைக்கிள் சறுக்கிச் சட்டென்று காலை ஊன்றும்போதுதான் தெரியும். இவ்வளவு ரூபாய் குறைகிறதே என்ற ஆசை அன்றிரவு முழுவதும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வாங்கியிருந்தால் ஒவ்வொரு நாளும் தோள்வலியாக அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இணையத்தில் அதே மாடல் 27,900-க்கு இருந்தது. முக்கால் பங்கு பொருத்திய நிலையில் பெட்டியில் வரும். ஹேண்டில்பார், பெடல், முன்சக்கரம் ஆகியவற்றை நாம்தான் மாட்ட வேண்டும், பிரேக்கையும் கியரையும் சரிப்படுத்த எப்படியும் ஒரு மெக்கானிக்கிடம் போக வேண்டும். அதை வாங்கும் எண்ணம் இல்லாமலே அதைக் காட்டி மிரட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே பேரத்தில் அதை ஒரு தகவலாக மட்டும் சொன்னேன்.

கடைசியில் வாங்கியது மார்த்தாண்டத்தில். கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். வாடகை சைக்கிள் காலத்தில் இருந்தே ஓவராயில், அதாவது சைக்கிளை முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டும் வேலை செய்து கை தேர்ந்தவர். அவரிடம் என் அளவில், முந்தைய ஆண்டின் மாடல் ஒன்று காட்சிக்கு நின்றிருந்தது. புதிய மாடலில் நிறமும் ஒட்டுப்படமும்தான் மாறியிருந்தன. நோட்டில் எழுதியிருந்த பாகங்கள் எல்லாம் ஒன்றே. விலைச்சீட்டின்மேல் 30,000 என்று புதிய சீட்டை அவரே ஒட்டியிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு அவர்மேல் மதிப்பு ஏற்பட்டது. கேட்டதற்கு 28,500 என்றார்.

நான் உடனே விலை சொல்லவில்லை. அனுமதி பெற்று, அரை மணி நேரம் சைக்கிளைப் பார்த்தேன். பல மாதங்கள் வாசல் ஓரமாக நின்றதால் செயினிலும் சில போல்ட்டுகளிலும் துரு ஏறியிருந்தது. நம் கடற்காற்று மார்த்தாண்டம் வரை எட்டுகிறது. பின்சக்கரத்தில் இலேசான கோட்டம் இருந்தது. டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இல்லை, சஸ்பென்ஷன் சீராக அழுந்தி எழுந்தது, ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. குறைகளை மட்டும் சொல்லாமல், நன்றாக இருந்தவற்றையும் அவரிடம் சொன்னேன். பிறகு, "அண்ணா, இது காட்சிக்கு நின்ற வண்டி, போன வருஷ மாடல். எல்லாம் சேர்த்து 26,000 என்றால் இன்றே எடுத்துக்கொள்கிறேன்" என்றேன்.

அவர் மறுத்துவிட்டார், ஆனால் காரணத்தோடு மறுத்தார். "சாறே, சைக்கிளில் எனக்கு நிற்பது கொஞ்சம்தான். மட்கார்டு, பம்பு மாதிரிச் சாமான்களில்தான் கூடுதல் நிற்கும். அதைக் கேளுங்க, தாறேன். வண்டி விலையை இதுக்குமேல இறக்கினா, நாளைக்கு நீங்க சர்வீஸுக்கு வரும்போது எனக்கு முகம் கோணும்." இந்தப் பதிலுக்குப் பிறகு பேச்சின் போக்கே மாறியது. ரொக்கத்தைக் குறைக்க வற்புறுத்துவதை விட்டு, எனக்கு எப்படியும் தேவைப்படும் பொருள்களைக் கேட்டேன். 27,500 வரை வந்தோம். மாதக் கடைசியில் வந்தால் இன்னும் 500 பார்க்கலாம், கம்பெனிக்குக் கணக்கு முடிக்கும் நாள் அது என்று அவரே சொன்னார். 500 ரூபாய் முன்பணம் கொடுத்து, எந்த வண்டி, எந்த விலை, என்னென்ன சேரும் என்பதை ஒரு ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 31 வெள்ளிக்கிழமை மாலை போனபோது செயினைப் புதிதாக மாற்றி, துருப்பிடித்த போல்ட்டுகளைக் களைந்து, பின்சக்கரக் கோட்டத்தையும் எடுத்து வைத்திருந்தார். 27,000. கிரெடிட் கார்டு என்றால் 2 சதவீதம் கூடும் என்பதால் மீதித் தொகையை யுபிஐ வழியாகச் செலுத்தினேன். பில்லில் ஃபிரேம் எண்ணையும், 5 சதவீத வரியையும், இரண்டு இலவச சர்வீஸையும் எழுதச் சொன்னேன், எழுதினார். ஓணத் தள்ளுபடியில் கேட்ட அதே 10 சதவீதம்தான் இங்கேயும் கிடைத்தது. வரிக் குறைப்பும் உதிரிப் பொருள்களும் அதற்குமேல் வந்தவை.

மறுநாள் நவம்பர் 1, எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள். விடியற்காலையில் குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை சென்றேன். ஏற்றத்தில் இறங்கித் தள்ளவில்லை. மூன்று வாரம் கழித்து முன் பிரேக் உரசத் தொடங்கியதும் மார்த்தாண்டத்துக்குப் போனேன். பத்து நிமிடத்தில் சரிசெய்து, இலவச சர்வீஸ் கணக்கில்கூட அதைச் சேர்க்காமல் அனுப்பினார். பக்கத்து வீட்டுத் தம்பி இப்போது 29 அங்குலச் சக்கரத்தில் ஒன்று தேடுகிறான். நோட்டை அவனிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அவன் உயரத்தை அளந்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.