கேபிள் மோடமுக்குப் பின்னால் சொந்த ரவுட்டர்: நம் கைக்கு எட்டுவதும் எட்டாததும்

கேபிள்காரர் கொடுத்த பெட்டியை பிரிட்ஜ் மோடில் (மோடமாக மட்டும் இயங்கி, ரவுட்டர் வேலையை விட்டுவிடும் நிலை) போட்டு, பின்னால் நம் ரவுட்டரைச் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். சில சமயம் செருகினால் நெட் வராது. ரவுட்டர் மேல் பழி போட்டு அதை ரீசெட் செய்வதில் பாதி நாள் போய்விடும்.

கோளாறு வேறு இடத்தில். கேபிள் மோடம் ஒவ்வொரு முறை எழும்போதும் ஆபரேட்டரின் சர்வரிலிருந்து ஒரு கான்ஃபிக் ஃபைலை இறக்கிக்கொள்ளும். வேக வரம்பும், மோடமுக்குப் பின்னால் எத்தனை கருவி இருக்கலாம் என்பதும் அதில்தான் இருக்கும். வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் அந்த எண்ணிக்கை 1. எழுந்ததும் எந்த மேக் அட்ரஸை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) முதலில் பார்க்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். சோதித்துப் பார்க்க லேப்டாப்பைச் செருகிவிட்டு, அதே வயரை ரவுட்டருக்கு மாற்றினால் ஐபி கிடைக்காதது இதனால்தான்.

மோடமின் பவரைப் பிடுங்கி இரண்டு நிமிடம் விடுங்கள். லேண்ட்லைன் வசதியுள்ள மோடம் என்றால் உள்ளே பேட்டரி இருக்கலாம். இருந்து அதையும் கழற்றாவிட்டால் அது அணையவே அணையாது. ரவுட்டரை அணைத்த நிலையிலேயே செருகி, முதலில் மோடமைப் போடுங்கள். ஆன்லைன் விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நின்ற பிறகே ரவுட்டர். அவசரப்பட்டு முன்பே போட்டால், நெட்வொர்க்கில் இன்னும் சேராத மோடம் தானே 192.168.100.x என்று ஒரு தற்காலிக ஐபி கொடுக்கும். ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் அந்த எண்ணைக் கண்டால் ரவுட்டரை மட்டும் மறுபடி போட்டால் போதும்.

மோடமின் சொந்தப் பக்கம் வழக்கமாக 192.168.100.1இல் இருக்கும். அதனால் வீட்டு லேனுக்கு (LAN, வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) அந்த வரிசையை வைக்காதீர்கள். வைத்தால் சிக்னல் பக்கத்தை எட்டிப் பார்க்கவே முடியாது. ரவுட்டரில் போட வேண்டிய வேன் வகை டைனமிக் ஐபி, அதாவது ஐபி தானாகக் கிடைப்பது. ஃபைபர் பழக்கத்தில் பிபிபிஓஇ (PPPoE, யூசர்நேம் போட்டு நுழையும் முறை) போட்டுவிடுபவர்கள் அதிகம். ஆபரேட்டர் யூசர்நேம், பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால் மட்டுமே அது. ஆபரேட்டர் பிரிட்ஜ் மோடு தர மாட்டேன் என்றால் ரவுட்டரில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி பிரித்துக் கொடுக்கும் வேலை) நிறுத்தி, லேன் போர்ட்டில் வயரைச் செருகி, வைஃபை மட்டும் கொடுக்கும் வெறும் ஆக்சஸ் பாயிண்டாக ஓட்டுவதே தலைவலி குறைந்த வழி. வேன் ஐபி 100.64க்கும் 100.127க்கும் இடையே ஆரம்பித்தால் போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியிலிருந்து வீட்டுக் கருவியை எட்ட வைக்கும் வசதி) மறந்துவிடுங்கள். வெளியுலகுக்குத் தெரியும் ஐபியைப் பல வீடுகளோடு பங்கு போடும் கதவு ஆபரேட்டரிடம் இருக்கிறது.

இனி சிக்னல். மோடம் பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் (நம்மை நோக்கி வரும் சிக்னல்) பவர் -7இலிருந்து +7 டிபிஎம்வி, எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் பலம்) 33 டிபிக்கு மேல், அப்ஸ்ட்ரீம் (மோடம் திருப்பி அனுப்பும் சிக்னல்) பவர் சுமார் 35 முதல் 50 டிபிஎம்வி வரை இருந்தால் நிம்மதி. அப்ஸ்ட்ரீம் எண் கூடக்கூட மோடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறது என்று பொருள். டிவிக்காக, கேபிளை இரண்டாகப் பிரிக்கும் இருவழி ஸ்பிளிட்டர் ஒன்றைச் செருகினால் சுமார் 3.5 டிபி போகும்: 47இல் இருந்த அப்ஸ்ட்ரீம் 50ஐத் தாண்டும். மழை வந்தால் மட்டும் நெட் விழும் வீடுகளில் முதலில் பார்க்க வேண்டியவை வெளியே இருக்கும் ஸ்பிளிட்டரும் கனெக்டரும்தான்.

கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நடுக் கம்பி விளிம்பைத் தாண்டி மூன்று மில்லிமீட்டர் அளவு நீட்டிக்கொண்டு, பளபளப்பாக இருக்க வேண்டும். கேபிளைச் சுற்றியுள்ள கம்பிப் பின்னலின் ஒரு இழை அதைத் தொட்டாலும் போச்சு. ஸ்பிளிட்டரில் சும்மா இருக்கும் துளைக்கு 75 ஓம் டெர்மினேட்டர் என்ற மூடி போடுங்கள். அப்ஸ்ட்ரீமில் எல்லா வீட்டு இரைச்சலும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். மூடாத ஒரு துளை பக்கத்து வீட்டையும் கெடுக்கும்.

மோடமின் ஃபர்ம்வேரை நாம் ஏற்ற முடியாது. ஆபரேட்டர் அனுப்பினால்தான் உண்டு. ஃபேக்டரி ரீசெட் செய்தால் பிரிட்ஜ் மோடு போய்விடும், அதன் வைஃபையும் திரும்ப எழுந்து நம்முடையதோடு மோதும். சிக்கல் தொடர்ந்தால் மோடம் பக்கத்தில் உள்ள ஈவென்ட் லாக்கில் டி3, டி4 டைம்அவுட் வரிகளை (ஆபரேட்டர் பக்கத்திலிருந்து எதிர்பார்த்தது வராததன் அடையாளம்) நேரத்தோடு படம் பிடித்து, அப்ஸ்ட்ரீம் எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். “நெட் ஸ்லோவா இருக்கு” என்று மட்டும் சொன்னால் மோடமை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லி போனை வைத்துவிடுவார்கள்.