ஆத்தங்குடி டைல்ஸுக்குக் கார்பன் கணக்கு: சிமெண்ட் பில்லைப் பத்திரமாக வையுங்கள்

ஜெர்மனி பார்ட்டி ஆர்டரோடு கார்பன் கணக்கும், அதாவது டைல்ஸ் செய்வதில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்ற கணக்கும், கேட்டபோது முதலாளி, "நம்மகிட்ட சூளையே இல்லையேப்பா, புகை எங்கேர்ந்து வரும்?" என்றார். பக்கத்துப் பட்டறை மேனேஜர்களும் அதையேதான் சொன்னார்கள். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ணம் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறோம். நெருப்பு கிடையாதுதான். ஆனால் சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. எரிபொருளையும் சேர்த்தால் ஒரு டன் சிமெண்டுக்குச் சுமார் 600 முதல் 900 கிலோ. அது நம் கணக்கில் ஸ்கோப் 3 ஆக, அதாவது நாம் வாங்கும் பொருளால் வேறிடத்தில் வெளியாகும் கார்பனாக ஏறும். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பெரியது.

கரண்ட், டீசல் சுலபம்: கரண்ட் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. பங்க் ரசீது மங்கிவிடும், அன்றன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். ரூபாய் உதவாது, லிட்டர் தெரிய வேண்டும்.

கார்பன் கணக்குப் போடும் கன்சல்டன்ட் அனுப்பிய படிவம் செராமிக் டைல்ஸுக்கானது. சூளை எரிவாயுவுக்குச் சைபர் போட்டால் "தகவல் குறைவு" என்று திரும்பி வந்தது. போனில் சொல்லிப் பயனில்லை. பட்டறை வேலையை வீடியோ எடுத்து அனுப்பிய பிறகுதான் அந்தக் கட்டத்தை எடுத்தார்கள்.

அதைவிட வதைத்தது சிமெண்ட் டீலர் கடை. வெள்ளை சிமெண்ட் பில்லில் தனியாக இருந்தது. மற்றதெல்லாம் பில்லில் வெறும் "சிமெண்ட்". சாதா சிமெண்டான ஓபிசியா, சாம்பல் கலந்ததால் கார்பன் குறைந்த பிபிசியா என்று இல்லை. வகை தெரியாவிட்டால் அதிகபட்ச அளவைத்தான் போடுவார்கள். கிளார்க், "பழைய பில்லைத் தொட முடியாது சார், ஆடிட்டரைக் கேட்டுட்டு வாங்க" என்றார். கேட்டுக்கொண்டு போனால், சாப்ட்வேர் மாறிவிட்டதாம்.

காப்பாற்றியது எங்கள் மேஸ்திரியின் நோட்டு. லோடு இறங்கிய தேதி, மூட்டை, பக்கத்தில் "43" (ஓபிசி 43 கிரேடு) அல்லது "பிபி" (பிபிசி) என்று பென்சிலில் குறித்திருந்தார். கலவை இறுகும் நேரம் வகைக்கு வகை மாறுமே, அதற்காக. ஜிஎஸ்டி பில் மூட்டைக் கணக்கோடு அது அப்படியே ஒத்துப்போனது. கன்சல்டன்ட் ஏற்றுக்கொண்டார். மேஸ்திரிக்கு முதலாளி கை கொடுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது கார்பனைக் குறைக்க அடிக்கலவைக்கு பிபிசி போட்டுப் பார்க்கிறோம். இறுக நேரம் பிடிக்கும், அவசர ஆர்டருக்கு வேண்டாம். டீலரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: பில்லில் வகையும் கிரேடும் இல்லாமல் லோடு இறங்காது. சரி என்றிருக்கிறார்.