ஓர் அணாத் தீர்மானம்: மாநகராட்சியில் தியாகராயர்

சர் பிட்டி தியாகராயர் என்றதும் நீதிக்கட்சியைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆனால் அவருடைய நீண்ட உழைப்பு சென்னை மாநகராட்சியில்தான். 1882-ல் உறுப்பினரானவர் 1922 வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். 1920 தேர்தலில் நீதிக்கட்சி வென்று, கவர்னர் வெலிங்டன் ஆட்சியமைக்க அழைத்தபோதும் பதவி வேண்டாம் என்றார். சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். மாநகராட்சித் தலைவர் பொறுப்பை மட்டும் தியாகராயர் விடவில்லை.

அந்தப் பொறுப்புக்கு அதிகாரம் எவ்வளவு? முன்பெல்லாம் தலைவர் அரசு அதிகாரி. கூட்டம் நடத்துவதும் நிர்வாகமும் அவர் கையில். 1919 சட்டம் இதை இரண்டாகப் பிரித்தது. மன்றம் தேர்ந்தெடுக்கும் தலைவர் கூட்டத்தை நடத்துவார், நிறைவேற்றுவது கமிஷனர் வேலை. இன்றைய மேயர், ஆணையர் ஏற்பாடும் இதே வழியில் வந்ததுதான். ஆகவே தலைவர் எதையாவது சாதிக்க வேண்டுமென்றால் தீர்மானம் வழியாகத்தான் முடியும்.

1920 செப்டம்பர் 16 தீர்மானத்தைப் பாருங்கள். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு டிபன். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. பள்ளி ஒன்றுதான், உச்சவரம்பும் தெளிவு. ரூபாய்க்குப் பதினாறு அணா. நூறு பிள்ளைகள் சாப்பிட்டாலும் ஆறேகால் ரூபாயைத் தாண்டாது. எந்த உறுப்பினரும் இருந்த இடத்திலேயே மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஊர் முழுக்கச் சோறு என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டிருந்தால், ‘நிதி இல்லை’ என்று தள்ளிவிடுவது எளிது. சிறிதாகத் தொடங்கியதால் பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்குப் போனது. ஐந்து பள்ளிகளின் மொத்தச் சேர்க்கை 1922-23-ல் 811, 1924-25-ல் 1,671. பசிக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்புக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அப்படியும் திட்டம் நின்றது. சறுக்கிய இடம் கணக்குத் தலைப்பு. செலவு தொடக்கக் கல்வி நிதியில் எழுதப்பட்டது. அந்த நிதியிலிருந்து உணவுக்குச் செலவழிக்க அரசு அனுமதிக்கவில்லை; 1925 ஏப்ரல் 1, புதிய நிதியாண்டின் முதல் நாளிலிருந்தே டிபன் இல்லை. இரண்டே ஆண்டில் இரட்டிப்பான சேர்க்கை எடுபடவே இல்லை என்பது இன்று படித்தாலும் வேதனைதான்.

ஆகவே இன்று வார்டுக்குப் புதுச் செலவு கேட்கும் கவுன்சிலர், தீர்மான வாசகத்தை எழுதும் முன்பே நிதிப் பிரிவில் போய் உட்கார வேண்டும். எந்தத் தலைப்பில் எழுதப் போகிறார்கள், அதன் விதி இந்தச் செலவை ஏற்குமா, பணம் மாநகராட்சியின் சொந்த வருவாயா, மேலிருந்து வரும் மானியமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சொத்து வரி போன்ற சொந்த வருவாயில் நிற்கிற செலவை மன்றமே ஓரளவு காப்பாற்றலாம். குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் வைத்தால், ஒரு தணிக்கை ஆட்சேபணை வந்தாலே அடுத்த பட்ஜெட்டில் அந்தச் செலவே இருக்காது.