சொந்தக் கதையை எழுதப்போகிறவர்களுக்கு

தொழில் வழிகாட்டல் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, சொந்த வாழ்க்கைக் கதையை எழுதித் தரும் அசைன்மென்ட். பலர் இதில் பயோடேட்டாவையே பத்தி பத்தியாக விரித்து எழுதிவிடுகிறார்கள். படித்தது, சேர்ந்தது, விலகியது எல்லாம் வரிசையாக இருக்கும். ஏன் அந்த வழியில் போனார் என்பது மட்டும் இருக்காது.

அந்த ‘ஏன்’ பிடிபட எனக்கு உதவியது, தொழில் வழிகாட்டல் உளவியலாளர் மார்க் சாவிக்கஸ் வகுத்த நேர்காணல் முறை. பல நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009-இல், வேலையைத் தனியாகப் பார்க்காமல் முழு வாழ்க்கையோடு சேர்த்து அமைத்துக்கொள்ளும் ‘வாழ்க்கை வடிவமைப்பு’ என்ற அணுகுமுறையை முன்வைத்தவர் அவர். கேள்விகள் ஐந்துதான். சிறு வயதில் யாரை வியந்து பார்த்தீர்கள்? எந்தப் பத்திரிகையை, நிகழ்ச்சியை, இணையதளத்தை விரும்பித் தேடிப் போகிறீர்கள்? இப்போது மிகவும் பிடித்த கதை எது? பிடித்த வாசகம்? நினைவில் நிற்கும் மிகப் பழைய சம்பவங்கள் எவை?

முதல் கேள்விக்கு அதிக நேரம் கொடுங்கள். அம்மா அப்பாவைத் தவிர மூன்று பேர். கதாபாத்திரமாக இருந்தாலும் சரி. யார் என்பதைவிட, அவர்களை எப்படி வர்ணிக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் ஆக நினைத்த ஆள் அந்த வர்ணனைக்குள் இருப்பார். மூவரிடமும் திரும்பத் திரும்ப வரும் குணத்தை அடிக்கோடிடுங்கள். எனக்கு ‘பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்’ என்பதே மறுபடியும் மறுபடியும் வந்தது. கணக்கியல் படித்த நான், எந்த வேலையில் இருந்தாலும் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பக்கமே ஏன் சாய்ந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

பழைய நினைவுகளுக்குச் செய்தித்தாள் பாணியில், வினைச்சொல்லோடு தலைப்பு வைக்கச் சொல்வார்கள். ‘பூட்டிய கதவு’ போதாது. ‘பூட்டிய கதவை விடாமல் தட்டுகிறாள் சிறுமி’ என்றால் அதில் ஓர் ஆள் தெரிகிறாள்.

அப்புறம், முடிவு. கெட்டதிலிருந்து நல்லது பிறக்கும் கதைப்போக்கை உளவியலாளர் டான் மெக்காடம்ஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதைப் படித்த கையோடு நம் தோல்விகளையெல்லாம் வெற்றியில் கொண்டுபோய் நிறுத்தத் தோன்றும். வேண்டாம். ஆறாததை இன்னும் ஆறவில்லை என்றே எழுதுங்கள். வெளியே சொல்ல மனமில்லாததைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். அது உங்கள் உரிமை.

கடைசிப் பத்தியில் பெரிய இலட்சியத்தைவிட, அடுத்து செய்து பார்க்கப்போகும் ஒரு சிறு காரியம் இருக்கட்டும். விரும்பும் வேலையில் இருப்பவர் ஒருவரைச் சந்தித்துப் பேசுவதுகூடப் போதும். பிறகு நம்பிக்கையான ஒருவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். ‘ஏன்?’ என்று அவர் எங்கே கேட்கிறாரோ, அந்த இடத்தைத்தான் அடுத்த வரைவில் விரித்து எழுத வேண்டும்.